மஞ்சள் கடுதாசிக்கு முன்னும் பின்னும்: தனிநபர் திவால், முழுமையான வழிகாட்டி

"மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்" என்று ஊரில் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. "ஐ.பி. போட்டுட்டார்" என்பதும் அதையேதான் குறிக்கும். ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது "என்னால் கடனைக் கட்ட முடியவில்லை, என்னை நொடித்தவர் என்று அறிவியுங்கள்" என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் மனு. இதைச் சுற்றி இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. மனுப் போட்ட அன்றே கடன் தீர்ந்தது என்பது ஒன்று. போட்டவர் ஆயுசுக்கும் எழ முடியாது என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. சட்டப்படி கடனிலிருந்து ஒருவரை விடுவிப்பது மனு அல்ல. எல்லாம் முடிந்து கடைசியில் வரும் விடுவிப்பு உத்தரவு. பாதியில் நிறுத்தியவருக்கு அவப்பெயர் மிஞ்சும், கடனும் அப்படியே நிற்கும். இந்த வழிகாட்டியை அந்த உத்தரவைக் கண்ணில் வைத்தே படியுங்கள்.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்

2016இல் வந்த திவால் சட்டத்தைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பலர் குழம்புகிறார்கள். அந்தச் சட்டத்தின் மூன்றாம் பாகம் தனிநபர்களுக்கானது. ஆனால் அது கம்பெனிகளின் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த அறிவிப்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் தீர்ப்பளித்தது. கம்பெனி நடத்தி, வங்கிக்குத் தனிப்பட்ட ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் என்றால் உங்கள் பாதை வேறு. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் வழக்காடும் வக்கீலைப் பாருங்கள்.

சம்பளக்காரர், கடைக்காரர், விவசாயி, கைத்தொழில் செய்பவர் ஆகிய மற்ற எல்லோருக்கும் பழைய சட்டங்கள்தான். சென்னை மாநகருக்கு 1909ஆம் ஆண்டின் மாகாண நகரங்கள் நொடிப்புச் சட்டம்; மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும், சொத்தை அஃபிஷியல் அசைனி என்ற அதிகாரி எடுத்துக்கொள்வார். மற்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். மனு மாவட்ட நீதிமன்றத்துக்கோ அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்துக்கோ போகும், அங்கே அஃபிஷியல் ரிசீவர். இரண்டின் சாரமும் பெரும்பாலும் ஒன்றுதான். கீழே பிரிவு எண் குறிப்பிடும் இடங்களில் 1920 சட்டத்தின் எண்ணே தரப்பட்டிருக்கிறது.

சட்டம் எவ்வளவு பழையது என்பது தொகைகளில் தெரியும். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம் என்கிறது. இன்று அந்த வரம்பு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

முதல் வேலை: ஒரே தாளில் முழுக் கணக்கு

கடன் கழுத்தை நெரிக்கும்போது யாரும் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்ப்பதில்லை. அந்த வாரம் யார் அதிகமாகச் சத்தம் போட்டாரோ அவருக்குப் பணம் போகும். அதை நிறுத்திவிட்டு ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி: யாரிடம், எந்தத் தேதியில், அசல் எவ்வளவு, வட்டி என்ன, இன்றைய பாக்கி, கடைசியாகக் கட்டிய தேதி, அடமானம் என்ன, ஜாமீன் யார், கையெழுத்திட்ட காசோலையோ வெற்றுத்தாளோ புரோநோட்டோ அவர் கையில் இருக்கிறதா, வழக்கு உண்டா. கைமாற்றாக வாங்கிய ஐயாயிரத்தையும் எழுத வேண்டும். மைத்துனரிடம் வாங்கியதையும்தான்.

பிறகு அந்தக் கடன்களை மூன்றாகப் பிரியுங்கள். வீட்டுக் கடன், வாகனக் கடன், நகைக் கடன் போல அடமானம் உள்ளவை ஒரு பக்கம். தனிநபர் கடன், கிரெடிட் கார்டு, புரோநோட்டு, கைமாற்று இன்னொரு பக்கம். வரி பாக்கி, ஜீவனாம்சம், காசோலை வழக்கு ஆகியவை தனியாக. திவால் உத்தரவு முழுப் பலனைத் தருவது நடுவிலுள்ள கூட்டத்துக்கு மட்டுமே. உங்கள் கடனில் முக்கால்வாசி வீட்டுக் கடன் என்றால் ஐ.பி. உங்களுக்கான மருந்தே அல்ல. அடமானம் வைத்திருப்பவர் தன் அடமானத்தை விற்றுக்கொள்ளும் உரிமையைப் பிரிவு 28 தொடவில்லை.

அதே தாளின் பின்பக்கம் வரவும் வீட்டுச் செலவும். சாப்பாடு, வாடகை, பள்ளி, மருந்து போக மாதம் மிஞ்சுவது எவ்வளவு? நடுவிலுள்ள கடன்களின் மொத்தத்தை அந்த மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். வட்டியைச் சேர்க்காமலே 60 மாதத்துக்குள் அடைபடும் என்றால் பேரம் பேசித் தீர்க்கும் வழி இருக்கிறது. 150, 200 மாதம் என்று வந்தால் மனுவைப் பற்றி யோசிக்கலாம். இது சட்டம் சொல்லும் அளவுகோல் அல்ல, நடைமுறைக் கணக்கு.

எது நடக்கும், எது வெறும் மிரட்டல்

பயத்தில் எடுக்கும் முடிவுகளே பெரும்பாலும் கடனை இரட்டிப்பாக்குகின்றன. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கடன் கட்டாதது குற்றம் அல்ல, அது சிவில் விவகாரம். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு டிக்ரி (பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பு) வாங்கி, பிறகு நிறைவேற்று மனுப் போட்டால்தான் ஜப்தியோ கைதோ பேச்சுக்கே வரும். அப்போதும் வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்பதைக் காட்டினால்தான் சிவில் சிறை. வெறும் இயலாமைக்காக ஒருவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே சொல்லிவிட்டது. பணத்துக்கான டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது; உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 56 அது.

சம்பளத்தை முழுசாகப் பிடித்துவிடுவார்கள் என்பதும் பொய். அதே சட்டத்தின் பிரிவு 60 முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் காப்பாற்றுகிறது. சம்பளம் 31,000 என்றால் 1,000 போக 30,000; அதில் 20,000 உங்களுடையது, அதிகபட்சம் 10,000 மட்டுமே பிடிக்கலாம். அதுவும் ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம் வரைதான். வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பணம், அரசு ஓய்வூதியம், உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர் கலப்பை மாடு, பெண்கள் மத வழக்கப்படி கழற்றக் கூடாத நகை ஆகியவற்றையும் ஜப்தி செய்ய முடியாது.

காசோலைதான் உண்மையான ஆபத்து. அது திரும்பினால் குற்ற வழக்கு: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் கட்டலாம். அந்த நோட்டீஸை வாங்க மறுப்பது பெரிய முட்டாள்தனம். சரியான முகவரிக்கு வந்ததைத் திருப்பி அனுப்பினாலும் கொடுத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஐ.பி. மனு இந்தக் குற்ற வழக்கை நிறுத்தாது. அதனால் புதுக் கடனுக்கு ஈடாகத் தேதி போடாத காசோலை கேட்பவரிடம் கையெழுத்திடாதீர்கள்.

வீட்டை அடமானம் வைத்த வங்கிக்கு 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் இருக்கிறது. தவணை 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். பிறகு 60 நாள் நோட்டீஸ். அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். கைப்பற்றும் நடவடிக்கை வந்தபின் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள். விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தின் கீழ் எடுக்க முடியாது.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் உத்தரவிட்டது. மீறினால் தேதி, நேரம், எண்ணைக் குறித்து வைத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். மீட்டர் வட்டி, கந்து வட்டிக்காரர் என்றால் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்து வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. புகாரைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

மிரட்டலுக்குப் பயந்து தூக்கம் போய், தவறான எண்ணங்கள் வந்தால் டெலிமானஸ் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். கடனுக்குச் சட்டத்தில் முடிவு இருக்கிறது. அதை எட்டும்வரை ஆள் இருந்தாக வேண்டும்.

மனுவுக்கு முன்பு முயல வேண்டியவை

வங்கியிடம் ஒரே தடவைத் தீர்வு கேட்கலாம். கணக்கு வாராக்கடன் ஆன பிறகுதான் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். பேச்சில் ஒப்புக்கொண்டதை நம்பிப் பணம் கட்டிவிட வேண்டாம். தொகை, கடைசித் தேதி, "இத்துடன் முழுக் கணக்கும் தீர்ந்தது" என்ற வாசகம் ஆகியவை வங்கியின் கடிதத் தாளில் வரட்டும். பிறகு பணம் கடன் கணக்கிலேயே போகட்டும், வசூல் ஆளின் சொந்த எண்ணுக்கு அல்ல. தீர்வில் முடித்தால் கடன் அறிக்கையில் "முடிந்தது" என்று வராது, "தீர்வில் முடிந்தது" என்றுதான் வரும். ரிசர்வ் வங்கியின் 2023 விதிப்படி, விவசாயக் கடன் தவிர மற்றவற்றில் அதே நிறுவனம் குறைந்தது 12 மாதம் உங்களுக்குப் புதுக் கடன் தராது.

லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) இன்னொரு வழி. அங்கே எட்டும் சமரசம் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஏற்கெனவே கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்குக் கீழ் உள்ளோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

பழைய கடன்களில் தேதியைப் பாருங்கள். புரோநோட்டுக் கடனுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள் "சும்மா ஒரு ரெண்டாயிரம் கட்டி நோட்டுப் பின்னால எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வந்தால், அந்தக் கையெழுத்தோடு மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் மனசாட்சி. என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யுங்கள்.

மனுவுக்கு முன்பு செய்யவே கூடாதவை

நீதிமன்றம் முதலில் தேடுவது இதைத்தான்: கடைசி இரண்டு ஆண்டில் சொத்து யார் பெயருக்குப் போனது? வீட்டை மனைவி பெயருக்கோ அண்ணன் பெயருக்கோ தானப் பத்திரம் எழுதிவிட்டு மனுப் போடச் சொல்லும் ஆட்கள் பத்திர அலுவலக வாசலில் இன்றும் இருக்கிறார்கள். அப்படிச் செய்த இரண்டு ஆண்டுக்குள் போட்ட மனுவின் பேரில் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், பிரிவு 53இன் கீழ் ரிசீவர் அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்ய வைக்கலாம். நல்லெண்ணத்தில், உரிய விலைக்கு விற்றது தப்பும். சும்மா மாற்றியது தப்பாது. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த ஒரு பத்திரம் உங்கள் நேர்மையைக் கெடுத்து, விடுவிப்புக் கேட்கும் நாளில் எதிரே வந்து நிற்கும்.

இன்னொன்று, சொந்தக்காரருக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுப்பது. மற்றவர்களை விட்டுவிட்டு மாமனாரின் மூன்று லட்சத்தை மட்டும் அடைத்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் மனுப் போட்டால் பிரிவு 54 அந்தக் கொடுப்பனவைச் செல்லாததாக்கும். ரிசீவர் மாமனாரிடமே திரும்பக் கேட்பார். நன்றிக்கடன் என்று நினைத்துச் செய்தது அவரை வழக்கில் இழுத்துவிடும்.

கணக்குப் புத்தகத்தைக் கிழிப்பது, மறைப்பது, பொய்க் கடன்காரரை (கடன் கொடுத்ததாகச் சொல்லப்படுபவரை) பட்டியலில் சேர்ப்பது ஆகியவை பிரிவு 69இன் கீழ்க் குற்றம். ஓராண்டு வரை சிறை. கட்ட முடியாது என்று தெரிந்தும் கடைசி மாதத்தில் கார்டைத் தேய்த்துப் பொருள் வாங்குவதும் பின்னால் விடுவிப்பைத் தடுக்கும் காரணங்களில் ஒன்று.

மனுவில் இருக்க வேண்டியவை

நீங்கள் வழக்கமாக வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்கான நீதிமன்றத்தில் மனு. 500 ரூபாய்க்குக் குறையாத கடன், அல்லது பண டிக்ரியில் கைது, அல்லது அப்படியொரு டிக்ரியில் சொத்து ஜப்தி, இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். மனுவில் வர வேண்டியவை: கடனைக் கட்ட இயலவில்லை என்ற கூற்று, ஒவ்வொரு கடன்காரரின் பெயர், முகவரி, தொகை, உங்கள் எல்லாச் சொத்தும் அதன் மதிப்பும் அது இருக்கும் இடமும், ஜப்தி செய்ய முடியாதவை போக மற்ற எல்லாவற்றையும் நீதிமன்றத்தின் கையில் ஒப்படைக்கத் தயார் என்ற உறுதி, இதற்கு முன் எப்போதாவது ஐ.பி. போட்டீர்களா என்ற விவரம்.

மனு அடிபடுவதும் இழுபடுவதும் பெரும்பாலும் கடன்காரர் பட்டியலில்தான். முகவரி தவறானால் நோட்டீஸ் போய்ச் சேராது, வாய்தா மேல் வாய்தா விழும். கடன் செயலிக்காரர்களுக்குப் பின்னால் இருக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயரைக் கடன் ஒப்பந்தத்தில் பார்த்து அதை எழுத வேண்டும், செயலியின் பெயரை அல்ல. கூடவே வைக்க வேண்டியவை: மூன்று ஆண்டு வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு இருந்தால் அது, சம்பளச் சீட்டு, சொத்துப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, வழக்கு எண்கள், வியாபாரி என்றால் மூன்று ஆண்டுக் கணக்குப் புத்தகம். இந்த மூன்று ஆண்டு என்ற அளவுக்குக் காரணம் விடுவிப்புப் பகுதியில் வரும்.

மனுவிலிருந்து அறிவிப்பு வரை

மனு எண்ணிடப்பட்டதும் கடன்காரர்களுக்கு நோட்டீஸ் போகும். இடையில் சொத்தைப் பாதுகாக்க இடைக்கால ரிசீவரை நீதிமன்றம் நியமிக்கலாம். விசாரணையில் கடன்காரர்களின் வக்கீல்கள் உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். "பணம் எங்கே போனது?" என்ற கேள்விக்கு மாதவாரியாகப் பதில் இருக்க வேண்டும். மருத்துவமனை பில், நஷ்டப்பட்ட வியாபாரத்தின் கொள்முதல் ரசீது, ஒரு கடனை அடைக்க வாங்கிய அடுத்த கடனின் வரவு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு கூண்டேறுங்கள். கடனாளியின் மனுவில் கட்ட இயலாமையை முதல் பார்வையிலேயே தெரியும் அளவுக்குக் காட்டினால் போதும். ஆனால் நம்பும்படி காட்ட வேண்டும்.

ஏற்றுக்கொண்டால் நொடித்தவர் என்ற அறிவிப்பு உத்தரவு வரும், அரசிதழில் வெளியாகும். சொத்து ரிசீவர் வசம் போகும். விலக்குப் பெற்ற பொருள்கள் உங்களிடமே இருக்கும். அடமானமில்லாத கடன்காரர் எவரும் நீதிமன்ற அனுமதியின்றிப் புது வழக்குப் போட முடியாது. ஏற்கெனவே நடக்கும் வழக்கில் இந்த உத்தரவின் சான்றிட்ட நகலை நீங்கள்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அந்த நீதிமன்றத்துக்குத் தானாகத் தெரியாது. கைதிலிருந்து காப்பும் தானாக வராது. பிரிவு 31இன் கீழ்ப் பாதுகாப்பு உத்தரவு கேட்டுத் தனி மனுப் போட வேண்டும். "ஐ.பி. போட்டும் பிடிச்சிட்டுப் போய்ட்டாங்க" என்ற புலம்பலின் பின்னால் இந்தத் தனி மனுப் போடாததுதான் பல நேரம் இருக்கும்.

ரிசீவருடன் ஒத்துழைப்பது உங்கள் கடமை: சாவி, புத்தகம், உங்களுக்கு வர வேண்டிய பாக்கிகளின் பட்டியல். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. விடுவிப்பு வரும்வரை புதிதாக உங்களுக்குக் கிடைக்கும் சொத்தும் ரிசீவரைச் சேரும். அப்பா உயிலில் எழுதி வைத்த கால் ஏக்கரும் அதில் அடக்கம். விடுவிப்பைத் தள்ளிப்போடுவது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பது இங்கே தெரியும்.

நடுவழியில் சமரசத்துக்கும் இடமுண்டு. ரூபாய்க்கு இத்தனை காசு என்று நீங்கள் ஒரு திட்டம் வைக்கலாம். கடனை நிரூபித்த கடன்காரர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையும், தொகையில் நான்கில் மூன்று பங்கும் ஏற்றுக்கொண்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டால், மறுத்தவர்களையும் அது கட்டும். ஏழெட்டுப் புரோநோட்டுக்காரர்களில் ஒருவர் மட்டும் முரண்டு பிடிக்கும்போது இந்தப் பிரிவு 38 கைகொடுக்கும்.

விடுவிப்பு: பலர் கோட்டைவிடும் இடம்

அறிவிப்பு உத்தரவிலேயே இத்தனை மாதத்துக்குள் விடுவிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று கெடு இருக்கும். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள், வக்கீல் குமாஸ்தாவை நம்பி இருக்க வேண்டாம். கெடுவுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் பிரிவு 43இன் கீழ் அறிவிப்பே ரத்தாகும். கடன்காரர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள். நீதிமன்ற அனுமதியில்லாமல் மறுபடி மனுப் போடவும் முடியாது. காலம் போதாவிட்டால் கெடு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

விண்ணப்பம் வந்தால் நீதிமன்றம் முழு விடுவிப்புத் தரலாம், மறுக்கலாம், சில காலம் நிறுத்தி வைக்கலாம், வருங்கால வருமானத்தில் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடும் தரலாம். முழு விடுவிப்பை மறுக்கும் காரணங்களைப் பிரிவு 42 அடுக்குகிறது. சொத்து ரூபாய்க்கு எட்டணா கூடத் தேறாதது, அதாவது கடனில் பாதிக்கும் குறைவாக இருப்பது. ஆனால் உங்கள் பொறுப்பில்லாத காரணத்தால் அப்படி ஆனது என்று காட்டினால் தப்பிக்கலாம். வியாபாரி முந்தைய மூன்று ஆண்டுக் கணக்குப் புத்தகம் வைக்காதது. நொடித்தது தெரிந்தும் வியாபாரத்தைத் தொடர்ந்தது. கட்டும் எண்ணத்துக்கு நியாயமான ஆதாரமில்லாமல் கடன் வாங்கியது. சூதாட்டம், யூக வணிகம், ஊதாரிச் செலவு. பங்குச் சந்தை ஆப்ஷனிலும் ஆன்லைன் ரம்மியிலும் பணத்தை விட்டவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

விடுவிப்பு வந்தாலும் போகாத கடன்கள் உண்டு: அரசுக்குக் கட்ட வேண்டியவை, மோசடியால் ஏற்பட்டவை, குற்றவியல் நீதிமன்றம் உத்தரவிட்ட ஜீவனாம்சம். உங்கள் ஜாமீன்தாரரும் கூட்டாளியும் விடுபட மாட்டார்கள். கடன்காரர் அவர்களிடம் போவார். மனுப் போடும் முன்பே ஜாமீன் கையெழுத்திட்டவரை உட்கார வைத்து இதைச் சொல்லிவிடுவதுதான் முறை. கோர்ட் நோட்டீஸ் வழியாக அவர் தெரிந்துகொண்டால் உறவு அதோடு போச்சு. மனைவியோ கணவரோ கையெழுத்திடாத கடனுக்கு அவர்கள் பொறுப்பில்லை.

விடுவிப்பு வரும்வரை

விடுவிப்புப் பெறாதவர் அதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே ஆறு மாதம் வரை சிறை என்கிறது பிரிவு 72. தொகை பழசுதான், பிரிவு உயிரோடுதான் இருக்கிறது. மளிகைக் கடைப் பற்றுக் கணக்கும் கடன்தான். ரொக்கத்துக்கு வாங்கிப் பழகுங்கள். இந்த நிலையில் கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினராகவோ உள்ளாட்சி உறுப்பினராகவோ ஆக முடியாது. வேலைக்குப் போகலாம், சம்பாதிக்கலாம், வங்கிக் கணக்கு வைக்கலாம்.

சம்பளக் கணக்கும் கடனும் ஒரே வங்கியில் இருந்தால், கடன் தவறத் தொடங்கிய காலத்திலேயே சம்பளத்தைக் கடன் இல்லாத வேறு வங்கிக்கு மாற்றிவிடுங்கள். வைப்பிலிருந்து கடனுக்கு ஈடுகட்டும் உரிமை வங்கிக்கு உண்டு. மாதம் ஒன்றாம் தேதி கணக்குப் பூஜ்யம் ஆவது அதனால்தான். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு போதும். அந்தக் கணக்கின் எண்ணை மனுவில் எழுதியாக வேண்டும். மாற்றுவது வேறு, மறைப்பது வேறு.

எழுந்து நடப்பது

விடுவிப்பு உத்தரவின் சான்றிட்ட நகலில் நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்தும் ஒரு வசூல் நிறுவனம் பழைய கடனை விலைக்கு வாங்கிக்கொண்டு அழைக்கும். அப்போது பேச்சு வேண்டாம், நகலை அனுப்பினால் போதும்.

அடுத்தது கடன் அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். ஒன்றில் இருக்கும் தவறு மற்றதில் இருக்காது. பார்க்க வேண்டியவை: தீர்ந்த கடன் இன்னும் பாக்கி என்று நிற்கிறதா, உங்களுடையதல்லாத கடன் இருக்கிறதா, ஒரே கடன் இரண்டு நிறுவனத்தின் பெயரில் வருகிறதா. தவறு இருந்தால் இணையத்திலேயே தகராறு பதிவு செய்யலாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உண்மையான பதிவை மட்டும் யாராலும் அழிக்க முடியாது. "சிபில் கிளியர் பண்ணித் தரோம்" என்று பணம் கேட்பவர் உங்களிடம் மிச்சமிருப்பதைக் கறக்க வந்தவர்.

இந்த அறிக்கைகளில் வரும் கடன் மதிப்பெண் 300 முதல் 900 வரை. அதை உயர்த்தப் புதுக் கடன் தேவைதான், ஆனால் உடனே அல்ல. முதல் ஆண்டு சேமிப்புக்கு. மூன்று மாதச் சாப்பாடு, வாடகை, மருந்துச் செலவு கையில் சேரும்வரை கடன் என்ற சொல்லே வேண்டாம். அந்தப் பணம் இல்லாதவரை ஒரு காய்ச்சல்கூட மறுபடி கைமாற்றுக்குத் துரத்தும். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதி உண்டா என்று பாருங்கள்.

இரண்டாம் ஆண்டில், 15,000 அல்லது 20,000 ரூபாய் நிரந்தர வைப்பு போட்டு அதன் பேரில் கிரெடிட் கார்டு கேளுங்கள். வைப்பே ஈடு என்பதால் மதிப்பெண் குறைவாக இருந்தாலும் பல வங்கிகள் கொடுக்கும். 15,000 வரம்புள்ள கார்டில் மாதம் 3,000, 4,000க்கு மேல் போக வேண்டாம். மின்கட்டணம், எரிவாயு போன்று எப்படியும் செய்யும் செலவை மட்டும் அதில் செய்து, கெடு நாளுக்கு ஐந்து நாள் முன்பே முழுத் தொகையும் கட்டுங்கள். "குறைந்தபட்சத் தொகை" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் கட்டினால் மீதிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். முதல் தடவை விழுந்த குழியும் அதுவாகவே இருந்திருக்கும். இரண்டாவது கார்டு வேண்டாம். நாலு வங்கியில் ஒரே மாதம் விண்ணப்பிப்பதும் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

சீட்டு விஷயத்தில் கவனம். ஏலச்சீட்டை முதல் மாதங்களில் தள்ளி எடுத்தால் அது கடன், கடைசி வரை கட்டினால்தான் சேமிப்பு. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். எண் சொல்லத் தயங்கினால் அங்கே ஒரு மாதத் தவணைகூடக் கட்டாதீர்கள்.

கடைசியாக, யார் கேட்டாலும் ஜாமீன் கையெழுத்து வேண்டாம். நீங்கள் தவித்தபோது உதவியவர் கேட்டாலும்தான். கையில் இருப்பதைக் கொடுத்து உதவுங்கள். விடுவிப்புக்குப் பின் போடும் ஜாமீன் புதுக் கடன், பழைய உத்தரவு அதற்குப் பொருந்தாது, அடுத்த மனுவில் "இதற்கு முன் ஐ.பி. போட்டீர்களா" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டியிருக்கும்.